நாயைக் கண்டால் குனிந்து கல் எடுக்கிற பாவலா: பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

சமாதானபுரத்து அம்மா | 3.12.2025, இரவு 9.40

பையனுக்கு 5 வயசு. டியூஷன் போற வழியில கறிக்கடை முக்கு. எப்பவும் மூணு நாலு நாய் கிடக்கும். தாத்தா கூட்டிட்டுப் போனா ஒரு வித்தை காட்டுதார். நாய் உறுமுனா சும்மா குனிஞ்சு கல்லை எடுக்கிற மாதிரி பாவலா பண்ணுவார், அது வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிரும். இதைப் பையனுக்குச் சரியாப் பழக்கிட்டா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுதார். சரிதானா?

பனையடி | 3.12.2025, இரவு 10.25

வேண்டாம். தாத்தாவுக்குப் பலிக்கும், பேரனுக்குப் பலிக்காது.

தெருநாய் கல்லடி பட்டு வளர்ந்தது. பெரிய உருவம், இடுப்பு வளையுது, கை தரைக்குப் போகுது, அடுத்து கல் பறந்து வரும் என்று அதற்குத் தெரியும். 5 வயசுப் பிள்ளை நிமிர்ந்து நின்றாலே மூன்றரை அடிதான். நாட்டுநாயின் தோளே ஒன்றரை அடிக்கு மேல் வரும், தலை அதற்கும் மேலே. பிள்ளை குனிந்தால் முகம் நேராக நாயின் வாய்க்கு எதிரே வந்து நிற்கும். குனிந்தவன் நாயை முறைத்துக்கொண்டுதான் குனிவான். முகத்துக்கு முகம், கண்ணுக்குக் கண் என்றால் நாய்க்கு அது சண்டைக்கு இழுப்பதுதான். சின்னப்பிள்ளைகளுக்குக் கடி தலையிலும் முகத்திலும் கழுத்திலும் விழுவதற்குப் பாதிக் காரணம் உயரம்தான். அதை நாமே இன்னும் குறைத்துக் கொடுக்கக் கூடாது.

அதற்குப் பதிலாகப் பனைமரம். நாய் கிட்டே வந்தால்:

ஓடாதே. நின்ற இடத்தில் நில். இரண்டு காலையும் சேர்த்து வை. கையை மடக்கி நெஞ்சோடு வை, விரல் வெளியே நீட்டக் கூடாது. பார்வை உன் செருப்பில். வாயைத் திறக்காதே. மனசுக்குள் எண்ணு. நாய் மோந்து பார்த்துவிட்டுப் போனதும் மெதுவாக, நாய்க்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நட.

மரம் மாதிரி நில் என்றால் பிள்ளை கிளை மாதிரி கையை விரித்துக்கொண்டு நிற்கும். ஆடுகிற கை நாய்க்கு விளையாட்டுச் சாமான். பனைக்குக் கிளை கிடையாது. நம்ம பிள்ளைக்குப் பனை எது என்று காட்டவும் வேண்டாம்.

கொக்கிரகுளம் | 3.12.2025, இரவு 10.31

பனைமரம்னு நினைச்சு நாய் காலைத் தூக்கிட்டா?

பனையடி | 3.12.2025, இரவு 10.33

தூக்கட்டும் வே. டவுசரைத் துவைச்சுக்கலாம்.

பனையடி | 4.12.2025, காலை 6.15

ஓடினால் என்ன என்று கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நாட்டுநாய் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். பெரிய ஆளே அதை ஜெயிக்க முடியாது. ஓடுகிற எதையும் துரத்துவது அதன் பிறவிக் குணம், கோபமே தேவையில்லை. பிள்ளை கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினால் கோழிக்குஞ்சு ஓடுவதற்கும் அதற்கும் நாய் வித்தியாசம் பார்க்காது.

சொன்னால் மட்டும் பிள்ளைக்கு வராது, உடம்பு பழக வேண்டும். வீட்டில் ஒருத்தர் நாயாக நான்கு காலில் வரவேண்டும், பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்க வேண்டும், இன்னொருத்தர் திடீரென்று ‘பனை!’ என்று கூப்பிட வேண்டும். அந்த நொடியே உறைய வேண்டும். ஒரு தடவைக்கு 5 நிமிஷம் போதும். வாரத்துக்கு மூன்று நாள் என்று ஒரு மாசம். நாயாக வருபவர் மோந்து பார்க்க வேண்டும், காதருகே குரைக்க வேண்டும். பிள்ளை சிரித்துவிட்டால் ஆட்டம் முதலில் இருந்து. ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ‘பனை’, அப்பா ‘நில்லு’, ஆச்சி ‘அசையாதல’ என்று ஆளுக்கொன்று கத்தினால் எதற்கும் நிற்காது.

திசையன்விளை தம்பி | 4.12.2025, காலை 7.50

அண்ணாச்சி, நாய் தள்ளிவிட்டு பிள்ளை விழுந்துட்டா? பனை சாஞ்ச பிறகு என்ன?

பனையடி | 4.12.2025, பகல் 1.10

ஆமை. முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் குப்புற உருண்டு படுக்க வேண்டும். விரல்களைக் கோத்துப் பிடரி மேல் வைத்து, இரண்டு முழங்கையாலும் காதையும் கன்னத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். முகம் தரையைப் பார்த்து. கழுத்தும் முகமும்தான் காப்பாற்ற வேண்டியவை. முதுகில் புத்தகப் பை இருந்தால் அதுவே ஓடு, கழற்ற வேண்டாம்.

இதையும் பழக்கத்தான் வேண்டும். பனை, ஆமை இரண்டும் கைவந்துவிட்டால் பெரிய பாடம் முடிந்தது.

சமாதானபுரத்து அம்மா | 4.12.2025, மாலை 5.05

சின்னவளுக்கு 2 வயசு. அவ எங்க பனையா நிக்க? தூக்கிக்கிடலாமா?

பனையடி | 4.12.2025, இரவு 9.20

நல்ல கேள்வி. நான் நேற்று எழுதியது 4 வயசுக்கு மேலே உள்ளவர்களுக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குக் கீழே பிள்ளைக்குப் பாடம் கிடையாது, பெரியவங்க கைதான் பாடம்.

நாய் இருபது முப்பது அடி தள்ளி இருக்கும்போதே தூக்கிவிடுங்கள், பதறாமல். தலைக்கு மேலே வீசித் தூக்கக் கூடாது. நெஞ்சோடு நிமிர்த்தி வைத்து, தொங்குகிற காலை இன்னொரு கையால் சேர்த்துப் பிடியுங்கள். தொங்கி ஆடும் பாதமும் கொலுசுச் சத்தமும் நாயைத் தாவ வைக்கும். நாய் ஏற்கெனவே காலடிக்கு வந்துவிட்டதென்றால் அந்த நேரத்தில் தூக்காதீர்கள். தூக்கக் குனிந்தால் இரண்டு முகமும் நாய் உயரத்தில் இருக்கும். பிள்ளையை முதுகுக்குப் பின்னால் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையில் உள்ள குடையோ கட்டைப்பையோ நாய்க்கும் உங்களுக்கும் நடுவில். நாய் எதையாவது கவ்வித்தான் ஆகும் என்றால் பையைக் கவ்வட்டும். சுவர் இருந்தால் முதுகைச் சுவருக்குக் கொடுங்கள், பிள்ளை நடுவில். சேலைத் தலைப்பு காற்றில் பறந்தால் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். அதுவும் ஆடும் சாமான்தான்.

கொக்கிரகுளம் | 5.12.2025, காலை 8.02

நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. பாவலாவுக்குக் கல்லே வேண்டாம், அதுதான் அதோட அழகு. அதைப் போய் வேண்டாங்கேரு.

பனையடி | 5.12.2025, காலை 8.40

அது சிலையைப் பற்றின பழமொழி அண்ணாச்சி, கோயில்ல சொல்ல வேண்டியது. கறிக்கடை முக்குக்கு ஆகாது.

ஆனாலும் நான் எழுதியதை ஒரு படி இறக்கிக்கொள்கிறேன். பெரிய ஆள், தனியாக, ஒற்றை நாய், பத்தடிக்கு மேல் தூரம் என்றால் பாவலா வேலை செய்யும், அதை மறுக்க முடியாது. எங்கே கெடும் என்றால்: நாலைந்து நாய் சேர்ந்திருக்கும்போது ஒன்று பின்வாங்கும், இன்னொன்று பின்னால் சுற்றி வரும். குட்டி போட்ட நாய் பின்வாங்கவே வாங்காது. போக வழியில்லாமல் சந்தில் மாட்டின நாய் கல்லைக் கண்டால் மேலேதான் பாயும். இந்த மூன்று இடத்திலும் தாத்தாவும் குனியக் கூடாது.

கிடைக்காரர் | 5.12.2025, இரவு 8.15

இன்னொண்ணு சேத்துக்கோங்க. கிடை நாய்க்கு இந்தப் பாவலா செல்லாது. பிசான நெல் அறுத்த பிறகு பங்குனி, சித்திரையில வயல்ல ஆட்டுக்கிடை போடுவோம். குட்டி ஆடு பார்க்கணும்னு ஊர்ப்பிள்ளைங்க வரப்பு வழியா ஓடி வந்துரும். கிடை நாய் கல்லுக்குப் பயந்தா நரியையும் களவாணியையும் எப்படி நிப்பாட்டும்? குனிஞ்சா இன்னும் கிட்ட வரும். பகல்ல வேலமரத்து நிழல்ல தூங்குத மாதிரிதான் கிடக்கும், ஆள் ஆட்டுப் பக்கம் திரும்புன உடனே எந்திரிச்சிரும்.

ரோட்டுல நின்னே ‘கீதாரி!’ன்னு கிடைக்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்க. ஆள் எந்திரிச்சு வந்து நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு இறங்குங்க. ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவுல பிள்ளை போகவே கூடாது. நாய்க்கு வெளிப்பக்கமா, தள்ளிச் சுத்தி வரணும். சாயங்காலம் ஆடு கிடைக்குத் திரும்புத நேரம் வரவே வேண்டாம்.

பனையடி | 6.12.2025, காலை 6.50

கிடைக்காரர் சொன்னது புத்தகத்தில் கிடைக்காத விஷயம். காவல் நாய் எல்லாவற்றுக்கும் இதுவே சட்டம். தோப்பு நாய், செங்கச்சூளை நாய், லாரி செட் நாய். அது உங்களைக் கடிக்க வரவில்லை, எல்லையைக் காக்க வருகிறது. பின்னால் நகர்ந்து எல்லையைத் தாண்டிவிட்டால் பாதி நாய் குரைப்போடு நிறுத்திவிடும். பந்து காம்பவுண்டுக்குள் விழுந்தால் பந்து போனது போனதுதான், பெரியவங்க வந்து எடுப்பார்கள் என்பதைக் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளுக்குச் சட்டமாக்குங்கள்.

திசையன்விளை தம்பி | 6.12.2025, பகல் 12.30

வால் ஆட்டுனா சிநேகம்தானே? அதை மட்டும் பார்க்கச் சொன்னா போதாதா?

பனையடி | 6.12.2025, இரவு 10.05

போதாது. வால் ஆடுகிறதா என்பதைவிட எந்த உயரத்தில், எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். இடுப்போடு சேர்ந்து தளர்வாக, அகலமாக ஆடினால் சிநேகம். கொடிக்கம்பம் மாதிரி மேலே விறைத்து நின்று நுனி மட்டும் படபடவென்று ஆடினால் விலகு. கால் நடுவே செருகியிருந்தால் அது பயந்த நாய், பயந்த நாய்தான் முந்திக் கடிக்கும்.

மற்ற அடையாளங்கள். உடம்பு விறைத்து அப்படியே நிற்பது. வாய் சட்டென்று மூடுவது, அதுவரை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்திருக்கும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது. சாப்பாடு எதுவும் இல்லாமல் உதட்டை நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது. முதுகு மயிர் சிலிர்ப்பது. இவ்வளவையும் பிள்ளையால் படிக்க முடியாது, கூட வருகிறவர் படிக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரே கேள்வி போதும்: ‘நாய் கொழகொழன்னு இருக்கா, வெறைப்பா இருக்கா?’ விறைப்பு என்றால் பனை.

குரைக்கிற நாய் கடிக்காது என்பதை நம்ப வேண்டாம். தள்ளி நின்று குரைத்தால் ‘வராதே’ என்கிறது. குரைத்துக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கி, தலையைத் தாழ்த்தி நேராக வந்தால் அதுதான் ஆபத்து. உறுமலும் அப்படித்தான், அது நாய் கொடுக்கிற கடைசித் தவணை. உறுமுகிற வளர்ப்பு நாயை அடித்து அடக்கினால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

கொக்கிரகுளம் | 7.12.2025, காலை 9.15

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கறிக்கடைப் பக்கம் போய்ப் பாருங்க எல்லாரும், வால் உயரம் அளக்க.

பனையடி | 7.12.2025, காலை 11.00

சிரிப்பு போக, அது சரியான நாள். ஞாயிறு காலையில் கோழிக்கடை வாசலில் தலை, குடல், கால் கொட்டுகிற தொட்டியைச் சுற்றிப் பக்கத்துத் தெரு நாயெல்லாம் கூடும். ஒரே தெரு நாய்கள் தங்களுக்குள் அவ்வளவாகச் சண்டை போடாது, எல்லை தாண்டி வந்தவை போடும். நடுவில் மாட்டுகிற பிள்ளைக்கு விழுகிற கடி பிள்ளைக்காக விழுந்த கடியே அல்ல. கறி வாங்கப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். கூட்டிப் போனால் கறிப்பை பிள்ளை கையில் வேண்டாம். சமாதானபுரத்து அம்மா, அந்த முக்கு வழியைக் கடை அடைத்த பிறகு ஒரு நாள் பாருங்கள். தொட்டி அங்கேயே இருக்கும்வரை நாயும் அங்கேயேதான். கடைக்காரரிடம் மூடி போட்ட டிரம் வைக்கச் சொல்லி, கழிவைத் தினமும் எடுக்கச் செய்தால் கூட்டம் தானே கலையும்.

பிள்ளை கையில் பிஸ்கட், வடை, பப்ஸ் இருப்பதும் அதே கணக்கு. பிள்ளையின் கை நாய் வாய் உயரத்தில் இருக்கிறது. தின்றுகொண்டே நடக்கக் கூடாது, உட்கார்ந்து தின்றுவிட்டு நடக்கலாம். நாய் கிட்டே வந்துவிட்டால் தின்பண்டத்தைக் கீழே போட்டுவிட்டுப் பனை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் நாய் தாவும், நகம் கன்னத்தில் விழும்.

கோயில் கொடைத் திருவிழாவையும் சொல்ல வேண்டும். சுடலை கோயில் கொடையில் கிடா வெட்டி, ராத்திரி பந்தி முடிந்து எச்சில் இலை ஒரே இடத்தில் விழும். பிள்ளைகள் வில்லுப்பாட்டுக் கேட்டபடி அங்கேயே மணலில் தூங்கிவிடும். தூங்குகிற பிள்ளை கையில் கறி வாசனை இருக்கும். கை, வாய் கழுவிவிட்டுப் படுக்க வையுங்கள், இலைக்குழியிலிருந்து எட்ட, பெரியவங்களுக்கு நடுவில். இலையைக் குழி வெட்டி மூடினால் பாதிப் பிரச்சினை கிடையாது.

திசையன்விளை தம்பி | 8.12.2025, இரவு 7.45

ஸ்கூட்டர் முன்னால பிள்ளை நிக்கும்போது நாய் துரத்துனா? முறுக்கிரலாமா?

பனையடி | 8.12.2025, இரவு 9.30

முறுக்காதே தம்பி. நாய் துரத்துவது வண்டி ஓடுவதால். கடியைவிட விழுந்து தலையில் அடிபடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. தூரத்திலேயே நாயைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து ஒரே சீராகப் போ. பக்கத்தில் ஓடி வந்தால் இன்னும் குறை, தேவைப்பட்டால் நின்றேவிடு. நின்ற வண்டியை நாய் பெரும்பாலும் மோந்துவிட்டு விட்டுவிடும். காலால் உதைக்கப் போகாதே, பாலன்ஸ் போகும். பின்னால் உட்கார்ந்த பிள்ளை காலை ஃபுட்ரெஸ்டில் வைத்து உன் இடுப்பைப் பிடித்துக்கொள்ளட்டும். பக்கவாட்டில் தொங்கும் கால்தான் நாய்க்குக் கிடைக்கிற முதல் பொருள்.

கொக்கிரகுளம் | 9.12.2025, காலை 7.10

எல்லாரும் தெருநாயையே சொல்லுதீங்க. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குச் சாயங்காலம் கயித்தோட வருதே கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம்னு ஜாதி நாய்? ‘ஒண்ணும் செய்யாது, தடவு’ங்காங்க.

பனையடி | 9.12.2025, இரவு 8.50

‘ஒண்ணும் செய்யாது’ என்பதற்கு அர்த்தம் ‘எனக்கு ஒண்ணும் செய்யாது’. முன்பின் தெரியாத பிள்ளைக்கு என்ன செய்யும் என்று வளர்ப்பவருக்கே தெரியாது.

முறை இது. பிள்ளை முதலில் தன் பெரியவங்களைக் கேட்க வேண்டும். அப்புறம் நாய்க்காரரை. மூன்றாவது நாயை: இரண்டடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, கையை மடக்கித் தொடையோரம் வைத்துக்கொண்டு, நாயே கிட்டே வருகிறதா பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் விடை ‘வேண்டாம்’. வந்தால் நெஞ்சுப் பக்கமோ தோளோ, மூன்று எண்ணும் வரை தடவிவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தினதும் நாய் மறுபடி உரசினால் இன்னொரு தரம், விலகினால் அவ்வளவுதான். உச்சந்தலையில் கை வைப்பது, கட்டிப்பிடிப்பது, முத்தம், மூக்குக்கு மூக்கு எதுவும் கூடாது. தூங்குகிற, தின்கிற, கட்டிப்போட்ட, காருக்குள் இருக்கிற நாயிடம் கேட்கவே வேண்டாம்.

கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் பிடிக்கப் பிறந்தவை. கடிக்கிற குணம் குறைவு, ஆனால் ஓடுகிற சின்ன உருவத்தைக் கண்டால் கயிற்றோடு இழுத்துக்கொண்டு போகும். ராஜபாளையம் காவல் ஜாதி. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பிக் கடிக்கும். முன்னாலிருந்து, அது பார்க்கும்படி வர வேண்டும்.

ஊசிக்காரி | 11.12.2025, இரவு 11.20

இவ்வளவு எழுதியிருக்கீங்க, கடிச்ச பிறகு என்னன்னு யாரும் சொல்லல. ஊசி போடுற அறையில தினம் பார்க்கிற தப்பை மட்டும் சொல்லுதேன்.

முதல் வேலை கழுவுறது. துணி சோப்பு ஆனாலும் சரி, ஓடுற தண்ணியில 15 நிமிஷம். எல்லாரும் ஒரு சொம்பு ஊத்திட்டு ஓடி வாராங்க. போன்ல டைமர் வைங்க, பிள்ளையை மடியில வச்சு ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் ஊத்த. பம்ப்செட்டு, தெருக்குழாய் எதுவா இருந்தாலும் சரி. கண்ணுக்குள்ள பட்டா சோப்பு இல்லாம வெறும் தண்ணி. அப்புறம் பொவிடோன் அயோடின்ங்கிற கிருமிநாசினி இருந்தா போடலாம். மஞ்சள், மிளகாப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு நேரம் போகுது, பிள்ளைக்கும் வலி. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தையல் போடலையேன்னு டாக்டர்கிட்ட சண்டைக்கு வராதீங்க, நாய்க்கடிக்கு முடிஞ்சவரை தையலைத் தள்ளித்தான் போடுவாங்க.

ரத்தம் வராத கீறல், பல்லு லேசா பதிஞ்சது: தடுப்பூசி. ரத்தம் வந்த கடி, கீறல், புண்ணுல நாய் நக்குனது, வாயிலயோ கண்ணுலயோ எச்சில் பட்டது: தடுப்பூசியோட சீரமும், அதாவது கடிவாயிலேயே கிருமியைத் தடுக்கிற மருந்து. நல்ல தோல்ல நக்குனா கழுவுனா போதும். சீரத்தைக் கடிவாய்க்குள்ளயும் சுத்தியும் போடணும். எடைக்கு எடை கணக்கு, குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கிற சீரம் கிலோவுக்கு 40 யூனிட். 18 கிலோ பிள்ளைன்னா 720 யூனிட், அதுக்கு மேல போடக் கூடாது. அதனால பிள்ளையோட எடை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

திசையன்விளை தம்பி | 12.12.2025, காலை 6.40

மொத்தம் 4 ஊசியா 5 ஊசியா அக்கா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க.

ஊசிக்காரி | 12.12.2025, இரவு 10.45

ரெண்டும் சரி. தோலுக்குள்ள போடுறது 0, 3, 7, 28ஆம் நாள், ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலயும் 0.1 மில்லி. அரசு ஆஸ்பத்திரியில பெரும்பாலும் இதுதான். சதையில போடுறது 0, 3, 7, 14, 28, ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. 0ன்னா கடிச்ச நாள் இல்ல, முதல் ஊசி போட்ட நாள். சதையில போடுறதா இருந்தா சின்னப்பிள்ளைக்குத் தொடையில, பெரியவங்களுக்குத் தோள்ல. புட்டத்துல போடவே கூடாது, மருந்து சரியா வேலை செய்யாது. பாதியில ஆஸ்பத்திரி மாத்துனா அட்டையைக் கொண்டு போங்க.

தொப்புளைச் சுத்தி 14 ஊசிங்கிறது பழைய கதை. அந்த மருந்தையே நிறுத்தி 20 வருஷம் ஆச்சு. பத்தியம் எதுவும் கிடையாது, கறி மீன் திங்கலாம், குளிக்கலாம். வேர் கட்டுறதும் மந்திரிக்கிறதும் உங்க விருப்பம், ஊசி போட்ட பிறகு வச்சுக்கோங்க.

பனையடி | 13.12.2025, காலை 7.00

ஊசிக்காரி அக்கா அந்த 14 ஊசியைச் சொன்னதும் இந்த இழையில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒன்று நினைவுக்கு வந்தது. ‘நாய்கிட்ட போனா கடிச்சிரும், ஊசியாக் குத்துவாங்க’ என்றுதான் நாம் பிள்ளையை மிரட்டுகிறோம். பலன், கீறல் பட்டால் பிள்ளை மறைக்கும். நாயை வம்புக்கு இழுத்தது தெரிந்தால் அடி விழும் என்று இன்னும் ஆழமாக மறைக்கும். ரேபிஸ் என்கிற வெறிநோய் வந்த பிறகு மருந்து இல்லை, வருமுன் ஏறக்குறைய முழுக்கத் தடுக்கலாம். நடுவில் நிற்பது பிள்ளையின் வாய். அதனால் ஊசியை வைத்து மிரட்டுவதை இன்றே நிறுத்துங்கள். சாயங்காலம் கால் கை கழுவிவிடும்போது முட்டிக்குக் கீழே, விரலிடுக்கு, காதோரம் பாருங்கள். புதுக் கீறல் இருந்தால் ‘எந்த நாய்லே?’ என்று கேட்காதீர்கள், பிள்ளை ‘ஒண்ணும் இல்ல’ என்றுவிடும். ‘முள்ளா, பூனையா, நாயா?’ என்று சாதாரணமாகக் கேளுங்கள். பூனைக் கீறலுக்கும் ஊசி உண்டு.

கிடைக்காரர் | 15.12.2025, இரவு 7.30

நாளைக்கு மார்கழி பொறக்கு. ஐப்பசி, கார்த்திகையில கூட்டமாத் திரிஞ்ச நாயெல்லாம் இனி குட்டி போடும்.

பனையடி | 16.12.2025, காலை 6.05

சரியான நேரத்தில் சொன்னீர்கள். சினை ஏறக்குறைய 63 நாள். மார்கழி, தையில் பாலத்துக் குழாய்க்குள், நின்றுபோன லாரிக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, விறகுக்கட்டுக்குப் பின்னால் குட்டி கிடக்கும். மூன்று வாரத்தில் குட்டி வெளியே தள்ளாடி வரும், பிள்ளைகள் கண்ணில் படுவது அப்போதுதான். தாய் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தாய் இல்லை என்று அர்த்தம் இல்லை, எதிர்த்த கடை அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். தெருவிலேயே சாதுவான நாய் குட்டி போட்ட ஒன்றரை மாசத்துக்கு வேறு நாய்.

குட்டி கீறினாலும் கடித்தாலும் ஊசிக்காரி சொன்ன சட்டம்தான். பால் குடிக்கிற குட்டிக்கு நோய் இருக்காது என்பது தவறு. குட்டியின் ஊசிப்பல் ஆழமாகப் பதிந்து வெளியே பொட்டு மாதிரிதான் தெரியும், அதனாலேயே வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை.

கொக்கிரகுளம் | 17.12.2025, இரவு 9.00

காது நுனி வெட்டுன நாய் ஆபத்தில்லங்காங்களே? சுப்ரீம் கோர்ட்டும் நவம்பர்ல ஏதோ சொல்லிச்சே?

பனையடி | 17.12.2025, இரவு 9.45

காது வெட்டு கருத்தடை ஆனதற்கு அடையாளம், அப்போது வெறிநோய் ஊசியும் போட்டிருப்பார்கள். அந்த ஊசிக்கும் வருஷா வருஷம் புதுப்பிப்பு உண்டு. போட்டார்களா என்று காதைப் பார்த்துத் தெரியாது. கடித்தால் காதை எண்ணாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்த நாயை 10 நாள் பார்க்கச் சொல்வதும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான். பார்த்துவிட்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை.

கோர்ட் 2025 நவம்பர் 7 அன்று பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் இவற்றிலிருந்து தெருநாயை எடுக்கச் சொன்னது, திரும்ப அங்கேயே விடக் கூடாது என்றது. மற்றத் தெருவுக்கு 2023ஆம் ஆண்டு விதிதான், கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுவது. அந்த விதியிலேயே நமக்குப் பயன்படுகிற ஒரு வரி உண்டு: நாய்க்குச் சோறு வைக்கிற இடம் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளியிருக்க வேண்டும், பிள்ளைகள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் வைக்க வேண்டும். தெருவில் சோறு வைக்கிற அக்காவிடம் சண்டை போடாமல் இதைக் காட்டி, பள்ளிக்கூட வேன் நிற்கிற முக்கிலிருந்து சோற்றை மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். நாய் சோற்றுப் பின்னாலேயே போய்விடும். மீதிச் சட்டத்துக்கு வேறு இழை போடுங்கள், இது நீண்டுவிட்டது.

ஊசிக்காரி | 18.12.2025, இரவு 11.05

ஒரு சேதி. இன்னைக்கு முதல் ஊசி போட்டவங்களுக்கு 28ஆம் நாள் ஜனவரி 15, தைப்பொங்கல். பொங்கப்பானையில அட்டையை மறந்துராதீங்க. லீவு நாள்ல எந்த வார்டுல போடுவாங்கன்னு மூணாவது ஊசிக்கு வரும்போதே கேட்டு அட்டையில எழுதி வாங்கிக்கோங்க.

அப்புறம், நாய் அதிகமுள்ள தெருவுல குடியிருக்கிறவங்க கடிபடுறதுக்கு முன்னாலயே பிள்ளைக்குப் போட்டு வைக்கலாம், 0, 7, பிறகு 21 அல்லது 28. பின்னால கடிச்சா 0, 3 ரெண்டு நாள் மட்டும் போதும், சீரம் வேண்டாம். முகத்துல கடிபட்ட பிள்ளைக்குச் சீரம் போடுறதைப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

சமாதானபுரத்து அம்மா | 21.12.2025, மாலை 6.20

ரெண்டு வாரமா பனையும் ஆமையும் நடக்கு. தாத்தாதான் நாய், நல்லாக் குரைக்கார். ஆனா முக்குல போகும்போது அவர் இன்னும் குனியத்தான் செய்யுதார், பையன் பக்கத்துல பனையா நிக்கான்.

பனையடி | 21.12.2025, இரவு 8.10

குனியும்போது பையன் கையை விடுதாரா? அதை மட்டும் பாருங்க.